பழைய ஃபிலிம் தோற்றம்: கீறல் எந்த லேயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒரு படத்தை ஐம்பது வருடப் பழைய ஃபோட்டோ போல மாற்றப் பார்க்கிறேன். சீப்பியா நிறம் கொடுத்தேன், கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் பொடிமணிகள்) சேர்த்தேன், கடைசியில் தூசியும் கீறலும் உள்ள டெக்ஸ்சர் ஒன்றை மேலே போட்டேன். பழைய படமாகத் தெரியவில்லை. புதுப்படத்தில் அழுக்கு ஒட்டியது போலத்தான் இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் சேர்த்த பொருட்களில் பெரிய குறையில்லை. சேர்த்த வரிசையில்தான் சிக்கல். ஒரு பழைய பிரிண்ட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு: வெளிச்சம் லென்ஸைக் கடந்தது, ஃபிலிமில் பதிந்தது, அந்த நெகட்டிவை (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிமை) வைத்து இருட்டறையில் காகிதத்தில் பிரிண்ட் போட்டார்கள், பிறகு அந்தக் காகிதம் ஆல்பத்திலோ பெட்டியிலோ ஆண்டுக்கணக்கில் கிடந்தது. நாம் பார்க்கும் ஒவ்வொரு குறையும் இந்த நான்கில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து சேர்ந்தது. லேயர்களையும் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகளையும்) அதே வரிசையில் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப், ஜிம்ப், ஃபோட்டோபியா என எதில் வேலை செய்தாலும் இது பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன் படத்தின் இறுதி அளவை முடிவு செய்துவிடுங்கள். 6000 பிக்சல் அகலத்தில் கிரெய்ன் போட்டுவிட்டுப் பிறகு 1500 பிக்சலுக்குச் சுருக்கினால், மணிகள் ஒன்றோடொன்று கலந்து கிரெய்ன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கீழே நான் சொல்லும் எண்கள் நீளவாட்டில் 2000 பிக்சல் உள்ள படத்துக்கானவை.

அடுத்தது கூர்மை. இன்றைய கேமராக்களும், அவற்றைவிட அதிகமாக ஃபோன்களும், விளிம்புகளைத் தாமாகவே கூராக்கித் தருகின்றன. இமை முடி ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகிற முகத்தின் மேல் எத்தனை கீறல் போட்டாலும் அது நேற்று எடுத்த படமாகத்தான் தெரியும். ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாமல் சேமித்த மூலப்பதிவு) இருந்தால் ஷார்ப்பனிங்கைப் பூஜ்யமாக்கி, கிளாரிட்டியை மைனஸ் 10 அல்லது 15க்கு இறக்குங்கள். ஜேபெக் மட்டும் இருந்தால் அரை பிக்சல் முதல் ஒரு பிக்சல் வரை காஸியன் ப்ளர் போதும். படத்தில் ஜன்னல் வெளிச்சமோ விளக்கோ இருந்தால், அந்தப் பளிச்சென்ற இடங்களை மட்டும் ஒரு தனி லேயரில் எடுத்து, நன்றாக ப்ளர் செய்து, செம்மஞ்சள் சாயல் கொடுத்து, ஸ்கிரீன் மோடில் (கீழுள்ள படத்தை வெளிச்சமாக்கும் கலப்பு முறையில்) 20 சதவீதம் வையுங்கள். வெளிச்சம் ஃபிலிமை ஊடுருவி, அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வருவதால் உண்டாகும் ஒளிக்கசிவு அது.

இனி கிரெய்ன். கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளித் துகள்கள்தான் படமே. கலர் ஃபிலிமில் கழுவும்போது வெள்ளி நீங்கிவிடும். அது இருந்த இடத்தில் சாயப் புள்ளிகள் நிற்கும். பிரிண்ட்டில் கிரெய்ன் நடுத்தர டோன்களில்தான் நன்றாகத் தெரியும். அடர்கருப்பிலும் தூய வெள்ளையிலும் அடங்கிப்போகும். படம் முழுக்க ஒரே சீராக நாய்ஸ் எனும் செயற்கைப் புள்ளிகளைத் தூவினால் செயற்கையாகத் தெரிவது இதனால்தான். 50 சதவீதச் சாம்பல் நிறம் நிரப்பிய புது லேயர் ஒன்றை உருவாக்கி, அதில் காஸியன் வகை மோனோக்ரோம் நாய்ஸ் 12 சதவீதம் சேருங்கள். 0.6 பிக்சல் ப்ளர் கொடுத்து, மோடை ஓவர்லேக்கு மாற்றுங்கள். ஓவர்லேயின் கணக்கே நடு டோனில் அதிகமாகவும் இரு முனைகளில் குறைவாகவும் வேலை செய்வதுதான், ஆக அந்த வேலை தானாக முடிந்துவிடும். அந்தச் சிறு ப்ளரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிக்சல் சதுரங்கள் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு கிரெய்ன் என்பது நீங்கள் மனதில் வைத்திருக்கும் கேமராவைப் பொறுத்தது. 35 மிமீ ஃபிலிமின் ஒரு ஃபிரேம் வெறும் 36க்கு 24 மில்லிமீட்டர். அதைப் பெரிதாக்கும்போது கிரெய்னும் பெரிதாகும். அதைவிடப் பெரிய ஃபிலிமான மீடியம் ஃபார்மெட் படத்தில் அவ்வளவு தெரியாது.

கிரெய்னுக்கு மேல் தூசி. நெகட்டிவில் ஒட்டிய தூசி என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் இருட்டறைக் கருவியின்) வெளிச்சத்தை மறைக்கும், ஆகவே அது பிரிண்ட்டில் வெள்ளையாக விழும். நெகட்டிவின் பூச்சையே உரித்துவிட்ட ஆழமான கீறல் வெளிச்சத்தைக் கூடுதலாக விடும், அது கருப்புக் கோடாக வரும். நேராகவே படம் தெரியும் ஸ்லைடு ஃபிலிமில் தூசி கருப்பாகவே தெரியும். உங்கள் படம் பிரிண்ட் என்று வைத்துக்கொண்டால், கருப்புப் பின்னணியில் வெள்ளைத் தூசி உள்ள டெக்ஸ்சரை ஸ்கிரீன் மோடில் போடுங்கள். டெக்ஸ்சரை நீங்களே தயாரிக்கலாம்: ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்காமல், மேலே கருப்பு அட்டை வைத்து ஸ்கேன் செய்தால் நல்ல தூசி கிடைக்கும். இணையத்தில் எல்லோரும் எடுக்கிற அதே டெக்ஸ்சரைவிட இது எனக்குப் பிடிக்கும். முகத்தின் மேல் விழும் புள்ளிகளை மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போட்டு அழித்துவிடுங்கள். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

இப்போது நிறம் மங்குவது. உங்கள் படம் தடுமாறியது பெரும்பாலும் இங்கேதான். சீப்பியாவை முதுமையின் நிறம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது இருட்டறையில் வேண்டுமென்றே செய்த டோனிங். வெள்ளி, வெள்ளி சல்ஃபைடாக மாறிப் பழுப்பாகும், அப்படிப்பட்ட பிரிண்ட் இன்னும் நீடித்து நிற்கும். ஐம்பது வருடப் பழைய கலர் பிரிண்ட் வேறு விதமாக மாறும். இருட்டில் கிடந்த அக்காலக் கலர் பிரிண்ட்களில் பெரும்பாலும் முதலில் மங்குவது சயான் (பச்சை கலந்த நீலச்) சாயம். சிவப்பு ஒளியைத் தடுத்து வைத்திருந்தது அதுதான். அது போனால் நிழல்கள் செந்நிறமாகிவிடும். வெள்ளைப் பகுதியில் மங்குவதற்குச் சாயமே அதிகம் கிடையாது. அங்கே காகிதம் மஞ்சளிப்பதுதான் தெரியும்.

இதைக் கர்வ்ஸில் (வெளிச்ச அளவுகளை ஒரு வளைகோட்டால் மாற்றும் கருவியில்) அப்படியே செய்யலாம். சிவப்புச் சேனலில் இடது கீழ் முனையை 0 விலிருந்து 40க்குத் தூக்குங்கள், வலது முனையைத் தொடாதீர்கள். நீலச் சேனலில் வலது மேல் முனையை 255 இலிருந்து 220க்கு இறக்குங்கள். மொத்த ஆர்ஜிபி கர்வில் கருப்பை 15 அளவுக்கு உயர்த்துங்கள். கருப்பு வெள்ளைப் படமானால் சிவப்புச் சேனலை விட்டுவிட்டு, நிழல்களை மங்கலாக்கி, வெளிச்சப் பகுதிக்கும் ஓரங்களுக்கும் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு கொடுங்கள்.

இந்தக் கர்வ்ஸ் லேயர் தூசிக்கும் கிரெய்னுக்கும் மேலே இருப்பது கட்டாயம். படத்தை 300 சதவீதம் பெரிதாக்கி ஒரு தூசிப் புள்ளியைப் பாருங்கள். பிரிண்ட்டில் காகிதத்தைவிட வெள்ளையான எதுவும் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் புள்ளியே வெளிச்சம் படாமல் விட்டுப்போன வெறும் காகிதம்தான். காகிதம் மஞ்சளித்திருந்தால் புள்ளியும் மஞ்சளாக இருக்க வேண்டும். உங்கள் படத்தில் தூசி கடைசியாக மேலே போனதால், மஞ்சள் படத்தின் மேல் பளீர் வெள்ளைப் புள்ளிகள் நின்றன. அழுக்கு ஒட்டியது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே காகிதத்தின் காயங்கள். கறையும் விரல் தடமும் கீழுள்ளதை அடர்த்தியாக்கும் மல்டிப்ளை மோடில். மடிப்பில் மேல்பூச்சு உடைந்து உள்ளிருக்கும் காகிதம் எட்டிப்பார்க்கும், ஆகவே மடிப்புக் கோடு வெளிறியதாக, ஒரு பக்கம் மெல்லிய நிழலுடன் இருக்க வேண்டும். மடிப்பு மூலைகளில் வருவதுதான் வழக்கம், படத்தின் நடுவில் அபூர்வம். ஓரங்களைக் கருப்பாக்கும் விக்னெட்டை நான் இங்கே பயன்படுத்துவதில்லை. அது லென்ஸின் குறை. வேண்டுமென்றால் அடியில் லென்ஸ் கட்டத்தில் போடுங்கள். பழுதடையும் பிரிண்ட்டின் ஓரம் வெளிறித்தான் போகும்.

சேமிக்கும்போது ஜேபெக் தரத்தை 90க்குக் கீழே விடாதீர்கள். கிரெய்ன் போன்ற நுண்விவரத்தைத்தான் ஜேபெக் சுருக்கம் முதலில் தின்னும். சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் அங்கே இன்னொரு முறை சுருங்கும். அதற்கான பிரதியில் கிரெய்ன் லேயரின் ப்ளரை 0.9 பிக்சலாகவும் நாய்ஸை 15 சதவீதமாகவும் ஏற்றித் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.