சோலார் செயில் வச்சு மனுஷங்க செவ்வாய்க்குப் போக முடியுமா?

சோலார் செயில்னா விண்கலத்துல பாய்மரம் மாதிரி விரிக்கிற மெல்லிசான, பளபளப்பான ஷீட். எரிபொருளே வேணாம், சூரிய வெளிச்சமே தள்ளிக்கிட்டுப் போகும்னா மனுஷங்க ஏன் இன்னும் அதுல போகலன்னு கேட்டிருக்கீங்க. தியரிப்படி போகலாங்க. ஆனா எரிபொருள்ல மிச்சம் பிடிக்கிறது எல்லாம் சோத்துல போயிடும், சிக்கலே அங்கதான்.

நான் விண்வெளி ஆளு கிடையாது, அம்பத்தூர்ல ஒரு பேக்கேஜிங் யூனிட்ல வேலை. ஆனா இந்த செயில் செய்யுற சாமான் எங்களுக்கு தினம் புழங்குற விஷயம், அலுமினியம் பூசின பாலியஸ்டர் ஃபிலிம். எங்க ஸ்லிட்டிங் மெஷின்ல (ரோலை அறுக்குற மெஷின்) ஓடுறது 12 மைக்ரான், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, அதுவே ஓரத்துல பிளேடு லேசா பட்டுச்சுன்னா சர்ருனு கிழிஞ்சுக்கிட்டே போகும், ஸ்டாட்டிக் ஏறிட்டா கையில ஒட்டிக்கிட்டு விடாது, ஒரு தடவை மடிப்பு விழுந்துச்சுன்னா எவ்ளோ நீவினாலும் அந்தக் கோடு போகாது. 2019ல பிளானட்டரி சொசைட்டிங்குற விண்வெளி ஆர்வலர் அமைப்பு அனுப்பின லைட்செயில் 2ங்குற சோலார் செயில்ல இருந்தது வெறும் 4.5 மைக்ரான், 32 சதுர மீட்டர், அதை ஒரு அடி நீள டப்பாக்குள்ள மடிச்சு வச்சு மேல போய் கிழியாம விரிச்சிருக்காங்க. எனக்கு ராக்கெட்டை விட அதுதான் பெரிய ஆச்சரியம்.

தள்ளுறது சூரியக் காத்து, அதாவது சூரியன்ல இருந்து பறந்து வர்ற துகள்கள்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது இல்ல. வெளிச்சம்தான் தள்ளுது, பட்டுத் திரும்புறப்ப ரெண்டு மடங்கு தள்ளும். சூரியக் காத்தோட அழுத்தம் அதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட தேறாது. ஆனா வெளிச்சத்தோட தள்ளும் எவ்ளோன்னு பாருங்க, பூமி இருக்குற தூரத்துல 1 சதுர மீட்டருக்கு 9 மைக்ரோ நியூட்டன். அடையாறு தியோசாஃபிகல் சொசைட்டி வளாகம் கிட்டத்தட்ட 260 ஏக்கர், 1 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த மொத்த இடத்தையும் கண்ணாடி மாதிரி ஃபிலிம் போட்டு மூடினா கிடைக்கிற தள்ளு, ரெண்டு அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டைக் கையில வச்சா அழுத்துற அளவு கூட இல்ல.

எங்க ஜிஎஸ்எம் கணக்குலயே போடுறேன், அதாவது 1 சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு. 4.5 மைக்ரான் பாலியஸ்டர் 6.3 ஜிஎஸ்எம், 1 சதுர கிலோமீட்டர்னா ஃபிலிம் மட்டும் 6.3 டன். நாலு பேர் போற கப்பல், செயிலைப் பிடிச்சு நிக்கிற கம்பி எல்லாம் சேத்து மொத்தம் 35 டன்னு வச்சுக்குவோம், என் கணக்கு தாராளமான கணக்குதான். நேரா சூரியனைப் பாத்து நின்னா ஒரு நாளைக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் கூடும். அட பரவால்லையேன்னு தோணும், ஆனா செவ்வாய் பக்கம் போகணும்னா செயிலை சாய்ச்சுப் பிடிக்கணும், அப்ப இதுல 40 சதவீதம் கூட கிடைக்காது, போகப் போக சூரியன் தூரமாகி செவ்வாய்கிட்ட வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும். பூமியோட பிடியில இருந்து வெளிய வந்ததுக்கு அப்புறமே ரெண்டரை, மூணு வருஷம் ஆகும். மங்கள்யான் 2013 டிசம்பர்ல பூமியை விட்டுக் கிளம்பி 2014 செப்டம்பர் 24ல செவ்வாயைப் பிடிச்சுடுச்சு, 10 மாசம் கூட ஆகல.

அந்த மூணு வருஷம் நாலு பேரும் சாப்பிடணுமே. பேக்கிங்கோட சேத்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.8 கிலோ சாப்பாடுன்னா 1000 நாளைக்கு 7 டன்னுக்கு மேல, அதாவது செயிலோட ஃபிலிமை விட சாப்பாடு வெயிட் அதிகம், அதுவும் போறதுக்கு மட்டும். வெயிட் கூடினா இன்னும் மெதுவா போகும், மெதுவா போனா இன்னும் சாப்பாடு வேணும். ஒரே தடவையில விண்வெளியில அதிக நாள் இருந்தவர் ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யகோவ், 1994-95ல 437 நாள். கதிர்வீச்சு வேற இருக்கு. செயில்லயே பூமியைச் சுத்திச் சுத்தி மெதுவா வெளிய போனா, பூமியைச் சுத்தி இருக்குற கதிர்வீச்சு வளையமான வான் ஆலன் பட்டைக்குள்ளயே மாசக்கணக்கா கிடக்கணும், அதனால ஆளுங்களுக்கு எப்படியும் ராக்கெட்தான்.

ஒளியோட வேகத்துல 20 சதவீதம் போகும்னு ஒண்ணு சொல்லுவாங்களே, 2016ல அறிவிச்ச பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட், அது லேசர் வச்சுத் தள்ளுறது, போறது சில கிராம் சிப்பு, அங்க போய் பிரேக் போடவும் வழி இல்ல. மனுஷன் கணக்குலயே வராது.

நம்மளும் இதைத் தொடாம இல்ல. 1992ல போன இன்சாட் 2ஏ செயற்கைக்கோள்ல ஒரு பக்கம்தான் சோலார் பேனல், வெளிச்சம் அந்தப் பக்கமே தள்ளிச் சாய்ச்சுடக் கூடாதுன்னு மறுபக்கம் நீளக் கம்பி நுனியில ஒரு குட்டி செயில் வச்சிருந்தாங்க. பயணத்துக்கு இல்ல, பேலன்ஸுக்கு.

என்னைக் கேட்டா செயில் சரக்குக்குத்தான். ஆளுங்க கிளம்புறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே சாப்பாடு, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் அதுல அனுப்பி அங்க சேத்து வைக்கலாம், சரக்கு லேட்டானா ஆளுங்களும் கிளம்பாம வெயிட் பண்ணிக்கலாம், நடுவழியில யாரும் பட்டினி இல்ல. அதுக்கும் முதல்ல விரிக்கிற வேலை கைக்கு வரணும். 2024ல நாசா அனுப்பின ஏசிஎஸ்3ங்குற சோதனைச் செயில் வெறும் 80 சதுர மீட்டர்தான், அதுலயே நாலு கம்பியில ஒண்ணு லேசா வளைஞ்சுடுச்சு, நான் மேல சொன்ன செயில் 10 லட்சம் சதுர மீட்டர்.