ஒரே வீட்டில் பல கொலை: முதல் நாளிலிருந்து தூக்குமேடை வரை – கேள்வி பதில்

குடும்பத்தையே கொன்ற வழக்குகள் பற்றி நீலகிரி, கொடைக்கானல் வாசகர்கள் கேட்டவை. குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (கோத்தகிரி): சார், வீட்டிலேயே நாலஞ்சு பேரைக் கொன்றவனுக்குத் தூக்கு நிச்சயம்தானே?

பதில்: இல்லை. பிணங்களை எண்ணித் தண்டனை கொடுப்பதில்லை. இன்றைய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 103(1)படி கொலைக்கு மரணம் அல்லது ஆயுள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 302. ஆயுள்தான் வழக்கம். தூக்கு என்றால் நீதிபதி சிறப்புக் காரணம் எழுதியாக வேண்டும். 'அரிதிலும் அரிது' என்ற அளவுகோல் பிறந்த 1980 பச்சன் சிங் வழக்கே, தங்கியிருந்த உறவினர் வீட்டில் மூன்று பேரைக் கொன்ற வழக்கு. 1983 மச்சி சிங் வழக்கில் ஒரு குடும்பப் பகை ஐந்து கிராமங்களில் 17 உயிரைக் குடித்தது. கொன்ற விதம், நோக்கம், இறந்தவர்களின் இயலாமை ஒரு தட்டில். கொன்றவனின் வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு மறு தட்டில். விசாரணை நீதிமன்றங்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த மறு தட்டைத்தான். காலையில் குற்றவாளி என்று அறிவித்து மாலையில் தூக்கு விதித்தால், மேல்கோர்ட்டில் முதலில் ஆட்டம் காண்பது அந்தத் தூக்குதான். உச்ச நீதிமன்றத்தின் 2022 மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு மனநல மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி (குன்னூர்): எஸ்டேட் லைன் வீட்டில் குடும்பமே இறந்து கிடந்தால் போலீஸ் முதலில் என்ன பார்க்க வேண்டும்? மலைக்குளிரில் எதில் தவறு வரும்?

பதில்: கொலைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜன்னலை அடைத்து உள்ளே கரி அடுப்பு மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வீட்டையே முடித்துவிடும். உடலின் கீழ்ப்பக்கத்தில் தேங்கும் ரத்தம் நீலம் பாயாமல் செர்ரிச் சிவப்பாகத் தெரியும். ரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்.

அடுத்தது இறந்த நேரம். குளிரில் உடல் சூடு சீக்கிரம் இறங்கும், விறைப்பு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும், அழுகல் தள்ளிப்போகும். சமவெளிக் கணக்கை இங்கே போட்டால் நேரம் பிசகும். 'அப்போது நான் டவுனில் இருந்தேன்' என்பவனுக்கு அந்தப் பிசகு போதும். ஆசனவாய் வெப்பநிலை, அறை வெப்பநிலை இரண்டையும் சம்பவ இடத்திலேயே குறிக்க வேண்டும். அடுப்பு எரிந்ததா, கம்பளி போர்த்தியிருந்ததா என்பதும் மகஜரில் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு) ஏற வேண்டும்.

சோற்றில் பூச்சிமருந்து என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு உடலுக்கும் தனித்தனி பாட்டில்கள்: இரைப்பையும் அதிலிருப்பதும், சிறுகுடல் 30 செ.மீ., கல்லீரல் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதி பாதி. செறிவான உப்புக் கரைசலில் வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ரத்தம் சோடியம் ஃப்ளூரைடில். விஷம் தேட வேண்டியதை ஃபார்மலினில் போட்டால் காரியம் கெட்டது. ஊற்றிய கரைசலின் மாதிரியும் தனியாகப் போக வேண்டும். இல்லையென்றால் 'கரைசலிலேயே கலப்படம்' என்று எதிர்த்தரப்பு கேட்கும், பதில் இருக்காது.

வீட்டில் ஒருவன் மட்டும் உயிரோடு இருந்தால், நடந்ததை விளக்கும் பொறுப்பு அவனுடையது (புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ., பிரிவு 109). ஆனால் அன்றிரவு அவன் அங்கே இருந்தான் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். பல வழக்குகள் சறுக்கும் இடம் இது. குற்றப்பத்திரிகை 90 நாளில் வராவிட்டால் ஜாமீன் அவன் உரிமையாகிவிடும்.

கேள்வி (கூடலூர்): தப்பிப் பிழைத்த ஏழு வயதுக் குழந்தை மட்டும்தான் சாட்சி. செல்லுமா?

பதில்: செல்லும். கேள்வியைப் புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்று நீதிபதி சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் சீக்கிரம் பதிவாகட்டும், அதுவரை சித்தி, மாமா, பக்கத்து வீடு என்று ஆளாளுக்குக் குழந்தையிடம் கதை கேட்காதீர்கள். 'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்ற வாதம் அங்கிருந்துதான் முளைக்கும். குழந்தையும் பாவம், எத்தனை தடவை அதைச் சொல்லும்?

கேள்வி (கொடைக்கானல்): தீர்ப்புக்குப் பிறகு எங்கெங்கே போகும்?

பதில்: உங்கள் வழக்கு திண்டுக்கல் செஷன்ஸிலிருந்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு; ஊட்டி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. கைதி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் தூக்குத் தீர்ப்பு உயர் நீதிமன்றத்தின் உறுதிக்குப் போயே தீர வேண்டும். அதுவரை நிறைவேற்ற முடியாது. இரு நீதிபதிகள் சாட்சியங்களை முதலிலிருந்து அலசுவார்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். பிறகு உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு (2014 முதல் மூன்று நீதிபதிகள் முன் திறந்த நீதிமன்றத்தில்), அதுவும் தள்ளுபடியானால் கடைசியாக மறுசீராய்வு (கியூரேட்டிவ்) மனு. இடையில் இன்னொரு வாசல் உண்டு: 2015 ஸ்ரீஹரன் தீர்ப்புப்படி, தூக்குக்குப் பதிலாக 'இத்தனை ஆண்டு விடுதலையே கிடையாது' என்ற ஆயுளை உயர், உச்ச நீதிமன்றங்கள் விதிக்கலாம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை.

கேள்வி (ஊட்டி): இத்தனை வருடம் இழுப்பதால்தானே தப்பிக்கிறார்கள்? சீக்கிரம் முடித்தால் என்ன?

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயம். ஆனால் அவசரமும் தாமதமும் இரண்டுமே கெடுக்கும். உத்தரப்பிரதேசம் அம்ரோஹாவில் 2008-இல் ஷப்னமும் சலீமும் அவள் வீட்டில் ஏழு பேரைக் கொன்றார்கள். பத்து மாதக் குழந்தையும் அதில் உண்டு. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்த சில நாளிலேயே செஷன்ஸ் கோர்ட் தூக்கிலிட வாரன்ட் போட்டது. சீராய்வும் கருணை மனுவும் பாக்கி இருந்ததால் அதே மாதம் அது ரத்தானது. மறுபக்கம் ஹரியானா ஹிசார்: 2001-இல் சோனியாவும் கணவர் சஞ்சீவும், முன்னாள் எம்.எல்.ஏ.வான அவள் தந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்றார்கள். 2007-இல் உச்ச நீதிமன்றம் தூக்கு கொடுத்தது. கருணை மனு 2013 வரை கிடந்தது. அந்தத் தாமதத்துக்காகவே 2014 ஜனவரியில் தண்டனை ஆயுளானது. தண்டனையை ஆயுளாக்கிய அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் (சத்ருகன் சவுகான் வழக்கு), கருணை மனு நிராகரிப்பைத் தெரிவித்த பின் 14 நாள் இடைவெளி, குடும்பத்தைச் சந்திக்க வாய்ப்பு, தூக்குக்குப் பின் கட்டாயப் பிரேதப் பரிசோதனை எல்லாம் விதிக்கப்பட்டன.

கேள்வி (அரவேணு): ஆயுள்தான் கொடுத்தார்கள் என்றால், நாங்கள் தூக்கு கேட்டு அப்பீல் போகலாமா?

பதில்: முடியாது. விடுதலை, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்தது, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து மட்டுமே பாதிக்கப்பட்டவர் போகலாம். தண்டனையைக் கூட்டக் கேட்பது அரசின் வேலை. அரசு வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (கட்டபெட்டு): கொன்றவன் பெயருக்கும் தேயிலைத் தோட்டத்தில் பங்கு வருமா?

பதில்: இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 25: கொன்றவனுக்கு, கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை. வாரிசுச் சான்றிதழில் அவன் பெயர் ஏறியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஏற்கெனவே அவன் பெயரில் இருக்கும் நிலம் இதில் போகாது.

கேள்வி (மஞ்சூர்): தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது எப்போது?

பதில்: 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறை, ஆட்டோ சங்கர்.

கேள்வி (பெயர் வேண்டாம்): செத்தவர்களும் எங்கள் வீட்டு ஆட்கள், கொன்றவனும் எங்கள் வீட்டுப் பிள்ளை. கருணை மனு நாங்கள் போடலாமா?

பதில்: போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 472 கைதியோடு சட்டப்படியான வாரிசுக்கும் உறவினருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. உச்ச நீதிமன்ற முடிவைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். ஆளுநர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள். மனநல சிகிச்சைச் சீட்டுகள், பள்ளிச் சான்று, சிறை நடத்தை அறிக்கை மூன்றையும் இணையுங்கள். இறந்தவர்களின் ரத்த உறவு என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள், தயங்க வேண்டாம். பணமில்லையென்றால் ஊட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; கைதிக்கு இலவச வழக்கறிஞர் உண்டு.