நீங்கள் வைக்காத ஈடு: பொலிஸ் முறைப்பாடு மட்டும் காணியைக் காப்பாற்றாது

கேள்வி: உப்புவெளியில் என் பெயரில் 22 பேர்ச் காணி இருக்கிறது. மகளின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டபோது, 2022இல் அந்தக் காணியை முன்பின் தெரியாத ஒருவருக்கு 15 இலட்சம் ரூபாவுக்கு நான் ஈடு வைத்ததாகத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பதிவு இருப்பது தெரியவந்தது. நான் எந்த ஈட்டு உறுதியிலும் கையெழுத்து வைக்கவில்லை. காலஞ்சென்ற என் கணவரின் தம்பி செய்த வேலை இது. நாங்கள்தான் அவரைப் படிக்கவைத்து ஆளாக்கினோம். 2019இல் கணவர் கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வாடகை வாங்கவும் மின்சார இணைப்பு எடுக்கவும் என் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் ஓர் அற்றோணித் தத்துவத்தை அவருக்குக் கொடுத்திருந்தேன். பொலிஸில் முறைப்பாடு செய்து ஒன்பது மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. கடன் கொடுத்தவரின் சட்டத்தரணி அனுப்பிய பதிவுத் தபாலை நான் வாங்கவில்லை. வைக்காத கையெழுத்துக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பதிவகத்தில் சொல்லி இதை நீக்குவது எப்படி? அவரைச் சிறைக்கு அனுப்புவது எப்படி?
வாசகி, உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஏழு பக்கம். வழக்குக்கு வேண்டியது அதில் ஒரே வரிதான், 2019ஆம் ஆண்டு அற்றோணித் தத்துவம் பற்றிய வரி. படிக்கவைத்த கதையும் நன்றி மறந்த கதையும் உங்கள் மனதுக்குப் பாரம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் அவற்றை யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே முதலில் எழும் கேள்வி, ஈட்டு உறுதியில் கையெழுத்து வைத்தது யார் என்பதுதான்.

உங்கள் கையெழுத்தைப் போலப் போட்டிருந்தால் அது கள்ள உறுதி. தொடக்கத்திலிருந்தே செல்லாது, பதிவு செய்ததால் அதற்கு உயிர் வந்துவிடாது. 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் பதிவுக்குத் தருவது, ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் எது முந்தும் என்ற முந்துரிமை மட்டுமே. உங்கள் அற்றோணியாகத் தம்பியார் தன் கையெழுத்தையே வைத்திருந்தால் கதை வேறு. அது கள்ளக் கையெழுத்து அல்ல, கொடுத்த அதிகாரத்தை மீறியது. அப்போது அந்தத் தத்துவத்தில் ஈடு வைக்கும் அதிகாரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். வாடகைக்கென்றுதான் கொடுத்தேன் என்கிறீர்கள். ஆனால் நம்மூரில் பலர் பயன்படுத்தும் ஆயத்தப் படிவத்தில் ‘விற்கவும், ஈடு வைக்கவும், குத்தகைக்குக் கொடுக்கவும்’ என்ற வரி முன்கூட்டியே அடித்திருக்கும். வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் ஏராளம். உங்களிடம் உள்ள பிரதியை இன்றைக்கே எடுத்து அந்த வரியைத் தேடுங்கள்.

பதிவேட்டுச் சுருக்கத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியின் அத்தாட்சிப்படுத்திய நகலை எடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு எழுதிய அத்தாட்சியை வரிவரியாக வாசியுங்கள். கையெழுத்து வைத்தவரைத் தனக்கே தெரியும் என்கிறாரா, சாட்சிகள் இருவருக்கும் தெரியும் என்கிறாரா? அந்தச் சாட்சிகள் யார்? 15 இலட்சம் தன் முன்னிலையில் கைமாறியது என்கிறாரா, முன்னரே கொடுத்ததாகச் சொன்னார்கள் என்கிறாரா? அந்தத் தேதியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களைக் கண்டிராத இரண்டு பேர் உங்களை நன்கு தெரியும் என்று சாட்சி வைத்திருந்தால், உங்கள் கட்சியில் அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது.

பதிவாளரிடம் போய்ப் பயனில்லை. பதிந்த உறுதியை நீக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. நீதிமன்றக் கட்டளை வேண்டும், அல்லது கடன் கொடுத்தவர் எழுதித்தரும் ஈட்டு விடுதலை உறுதி வேண்டும். பொலிஸ் முறைப்பாடு இருக்கட்டும், பிரதியைப் பத்திரமாக வையுங்கள். அதைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டாம்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். தபாலை வாங்கவில்லை என்கிறீர்களே, அதுதான்.

கள்ள உறுதியில் மாட்டிய கட்சிக்காரர்கள் காணியை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். கள்ளனின் கெட்டித்தனத்தால் அவர்கள் இழக்கவில்லை. பொலிஸில் சொல்லிவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் இருந்ததால் இழந்தார்கள். பொலிஸ் விசாரணை ஒரு பாதை, ஈட்டு வழக்கு இன்னொரு பாதை. முன்னையது நடக்கிறது என்பதற்காகப் பின்னையது நிற்காது. கடன் கொடுத்தவர் மாவட்ட நீதிமன்றத்தில் ஈட்டு வழக்குப் போடுவார். அழைப்பாணை வரும். நீங்கள் அதையும் வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நீங்கள் வராத நாளில் வழக்கு ஒருதலையாக விளங்கப்படும். கடன் கொடுத்தவரின் சத்தியக்கடதாசியையும் உறுதியையும் பார்த்து நீதிபதி டிக்கிரி, அதாவது தீர்ப்புக் கட்டளை, கொடுப்பார். உங்கள் பக்கத்தைச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். டிக்கிரி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், வராமல் போனதற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். ‘கையெழுத்து வைக்கவில்லை, அதனால் வரவில்லை’ என்பது நியாயமான காரணம் ஆகாது. அதற்குப் பிறகு, டிக்கிரியை நிறைவேற்றும் நீதிமன்ற அதிகாரியான பிஸ்காலின் ஏலம். ஏலத்தில் வாங்கியவர் காணிக்குள் வந்துவிட்டால் அவரைக் கிளப்ப எத்தனை வருடம் போகும் என்று உப்புவெளியில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

வழக்குக்குப் போனவர்கள் விழும் பள்ளமும் ஒன்று உண்டு. 2022இல் வந்த குடியியல் நடவடிக்கைமுறைத் திருத்தத்துக்குப் பிறகு, எதிராளி தன் மறுமொழியில் உறுதியின் உண்மைத்தன்மையை மறுக்காவிட்டால், நொத்தாரிசையும் சாட்சிகளையும் கூப்பிட்டு அதை நிரூபிக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. ஆகவே ‘வழக்காளி சொல்வதை மறுக்கிறேன்’ என்ற பொது மறுப்போடு நிற்கும் மறுமொழியில் நீங்கள் கையெழுத்து வைக்கக்கூடாது. ‘இந்த இலக்க உறுதியில் உள்ள கையெழுத்து என்னுடையதல்ல, நான் நொத்தாரிசின் முன் தோன்றவில்லை’ என்று தனிப் பந்தியில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பந்தி இருந்தால்தான் சாட்சிகள் கூண்டில் ஏற வேண்டி வரும்.

கடன் கொடுத்தவர் வழக்குப் போடும்வரை காத்திராமல், உறுதி செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு நீங்களே முந்தி வழக்குப் போடுவது நல்லது. போட்ட அன்றே, காணி மீது வழக்கு இருக்கிறது என்ற வழக்கு அறிவித்தலைப் பதிவேட்டில் காணிக்குரிய சரியான பக்கத்தில் பதியுங்கள். பதியாவிட்டால், வழக்கு நடக்கும்போதே ஈட்டை வேறொருவர் பேருக்கு மாற்றிவிட்டு, புதிதாக வந்தவரோடு மறுபடி தொடங்க வைப்பார்கள். காணிக்குப் புதுப் பக்கம் திறந்து அதில் கள்ள உறுதியைப் பதிவதும் நடக்கிறது. அதனால் பழைய பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், முன்னும் பின்னும் கொண்டுசென்ற எல்லாப் பக்கங்களையும் தேடச் சொல்லுங்கள். நாளையும் எண்ணுங்கள். தம்பியார் அற்றோணியாகக் கையெழுத்து வைத்த உறுதி என்றால், அதை இரத்துச் செய்யக் கேட்கும் வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி மூன்று வருடமே என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒன்பது மாதத்தைப் பொலிஸ் நிலையத்தில் கழித்துவிட்டீர்கள்.

சமாதானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நகலைப் பார்த்து அது அற்றோணியாக வைத்த கையெழுத்து, தத்துவத்தில் ஈட்டு வரியும் இருக்கிறது என்று தெரிந்தால், வழக்காடாதீர்கள். தம்பியார் கடனைத் தீர்க்க முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரைச் சிறைக்கு அனுப்பும் ஆசையை விட்டுவிட்டுக் காணியை மீட்டுக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் தனிநபர் என்பதால், 1852ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டப்படி வட்டி முதலைத் தாண்ட முடியாது. முதல் 15 இலட்சம் என்றால் வட்டியாக அதற்கு மேல் 15 இலட்சத்தைத் தாண்டிக் கேட்க அவருக்கு வழியில்லை. பேச்சு அந்த உச்சத்திலிருந்து கீழே இறங்க வேண்டும்.

ஆனால் பொலிஸ் நிலையத்திலோ, கோயில் தர்மகர்த்தா முன்னிலையிலோ, வெள்ளைத் தாளில் ஒன்றும் எழுதாதீர்கள். ‘பாதியை நான் கட்டுகிறேன், மீதியை அவர் கட்டட்டும்’ என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், வைக்காத ஈட்டை நீங்களே ஏற்றதாகிவிடும். முறைப்பாட்டைக் கைவிடுகிறேன் என்று பணத்துக்குப் பதிலாக எழுதிக்கொடுத்தால், அந்த உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்காது. பணம் கட்டும் அதே மேசையில், அதே நேரத்தில், நொத்தாரிசு முன்னிலையில் ஈட்டு விடுதலை உறுதி கையெழுத்தாக வேண்டும், பிறகு அது பதிவாக வேண்டும். பணம் போய் விடுதலை உறுதி வராத குடும்பங்களுக்கு நான் இன்னும் வழக்காடுகிறேன்.

நகல் எப்படி வந்தாலும் இந்த வாரம் செய்ய வேண்டியவை: அந்தத் தபால் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து, ‘கையெழுத்தை மறுக்கிறேன்’ என்று சட்டத்தரணி மூலம் பதில் அனுப்புங்கள். அற்றோணித் தத்துவத்தை எழுத்தில் இரத்துச் செய்து, தம்பியாருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, இரத்தைப் பதியுங்கள். அது உயிரோடு இருக்கும்வரை அவர் இன்னும் ஓர் உறுதி எழுதலாம். பதிவகத்தில் உங்கள் காணிக்குக் கேவியற் என்ற முன்னெச்சரிக்கை அறிவித்தல் ஒன்று போடுங்கள், அடுத்த உறுதி பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். அதற்குக் கால எல்லை உண்டு, முடியுமுன் புதுப்பியுங்கள்.