கடிதம்: புரோவென்சானோவின் துண்டுச்சீட்டுகள்

வணக்கம் சார்,

சிசிலி மாஃபியா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் தொழிற்சாலை மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவன். பெர்னார்தோ புரோவென்சானோ தலைமறைவாக இருந்துகொண்டே, வெறும் துண்டுச்சீட்டுகளால் அவ்வளவு பெரிய அமைப்பை நடத்தியிருக்கிறார். என்ன நிதானம், என்ன எளிமை! குற்றங்களை ஒதுக்கிவிட்டு, தலைமைக்கு அவரை உதாரணமாகச் சொல்லலாமா?

முரளி, ஓசூர்

அன்புள்ள முரளி,

இந்த ஆளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. கெட்டிக்காரர்தான். 1992இல் நீதிபதிகள் ஃபால்கோனேயையும் போர்செல்லினோவையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்றதும் இத்தாலியே கொதித்தது. மறு ஜனவரியில் தலைவர் ரீனா பிடிபட்டார். பிறகு பொறுப்புக்கு வந்த புரோவென்சானோ சத்தத்தைக் குறைத்தார். டைப்ரைட்டரில் அடித்த சீட்டு, பெயர்களுக்குப் பதில் எண்கள், முடிவில் ஆண்டவரின் ஆசீர்வாதம். எளிமையை விட்டுவிடுங்கள். ஆட்டுப்பண்ணையில் ஒளிந்திருப்பவர் வேறு எப்படி வாழ்வார்?

'குற்றங்களை ஒதுக்கிவிட்டு' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒதுக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தச் சீட்டுக்கு ஏன் எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்? பிரேசிலுக்கே போய்விட்ட மாஃபியாக்காரர் புஷெத்தாவின் இரண்டு மகன்கள் 1982இல் பலெர்மோவில் காணாமல் போனார்கள். மாஃபியாவில் இருந்த சாந்தினோ தி மத்தேயோ அரசுத் தரப்புச் சாட்சியானார் என்பதற்காக, 1993 நவம்பரில் அவருடைய 12 வயது மகனிடம் போலீஸ் வேடத்தில் போனார்கள். அப்பாவிடம் கூட்டிப்போகிறோம் என்றார்கள். பையன் நம்பி ஏறிவிட்டான். இரண்டு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்து, 1996 ஜனவரியில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை அமிலத்தில் கரைத்தார்கள். அது தெரிந்த ஒருவன் கையில் ஆசீர்வாதத்தோடு ஒரு சீட்டு வந்தால் என்ன செய்வான்? உங்கள் வகுப்புக்கு வரும் மேலாளரைப் பிடிக்காவிட்டால் ஒருவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். போகாமல் அவரோடு நிற்கிறார்கள் என்றால் அவரைத் தலைவர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். போக வழியே இல்லாத இடத்தில் நிதானமாவது, பண்பாவது!

உங்களுக்கு ஒரு கடிதம்தான் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 ஜனவரி 10 அன்று பலெர்மோ நாளிதழில் வந்தது. எழுதியவர் லிபெரோ கிராஸ்ஸி, உள்ளாடை ஆலை முதலாளி. மாமூல் கேட்டு மிரட்டியவனுக்கு, 'அன்புள்ள' என்று தொடங்கி, ஊரறிய எழுதினார்: மிரட்டல் போனுக்கும் குண்டுக்கும் தோட்டாவுக்கும் வீணாகச் செலவு செய்யாதே, நாங்கள் தரப்போவதில்லை, போலீஸ் பாதுகாப்புக் கேட்டுவிட்டோம். சக முதலாளிகள் பக்கத்தில் நிற்கவில்லை. அவர்களும் நிதானமானவர்கள்தான்! ஆகஸ்ட் 29 காலை, வேலைக்குக் கிளம்பியவரை வீட்டருகே தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குக் கட்டளையிட ஆள்படை இல்லை. ஆனாலும் 2004இல் பலெர்மோ இளைஞர்கள் சிலர், மாமூல் கொடுக்கும் மக்கள் மானமில்லாத மக்கள் என்று இரவோடு இரவாகச் சுவரெங்கும் ஒட்டினார்கள். பிறகு, மாமூல் தர மாட்டோம் என்று பெயர் கொடுத்துப் பகிரங்கமாக அறிவிக்கக் கடைக்காரர்கள் முன்வந்தார்கள்.

நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், தெரியும். திட்டியதற்கு வருத்தப்படாதீர்கள். புரோவென்சானோவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஆனால் கிராஸ்ஸியின் கடிதத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். வகுப்பில் என்ன கேட்டார்கள் என்று அப்புறம் எனக்கு எழுதுங்கள்.