ஆஃப்டர்நூன் டீயும் ஹை டீயும் ஒன்றுதானா? இங்கிலாந்தில் ஒருவர் அழைத்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இல்லை, இரண்டும் வேறு வேறு. சென்னை, கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் மூன்றடுக்குத் தட்டில் கேக்கை வைத்து 'ஹை டீ' என்று பெயர் போட்டுவிடுவதால் வந்த குழப்பம் இது. 'ஹை' என்றால் உசத்தி என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் ஹை டீ என்பது வேலைக்குப் போய்வந்த ஜனங்கள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டி, இறைச்சி, முட்டை, கூடவே தேநீர் என்று வயிறாரச் சாப்பிட்டது. வட இங்கிலாந்தில் இன்றும் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயர், அதனால் யாராவது ஆறு மணிக்கு டீக்கு வா என்றால் பசியோடு போங்கள்.

ஆஃப்டர்நூன் டீ மாளிகைகளில் பிறந்தது, ஆனால் அதுவும் பசியில்தான். 1840 வாக்கில் பெரிய வீடுகளில் ராத்திரி விருந்து எட்டு மணி வரை தள்ளிப்போய்விட, மதியம் லேசாகச் சாப்பிட்ட பெட்ஃபோர்டின் 7-ஆம் டச்சஸ் அன்னா மரியா, நாலு மணிக்கே சோர்ந்துபோய், தேநீரும் ரொட்டி வெண்ணெயும் தன் அறைக்கு வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தேநீர் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1662-இல் இரண்டாம் சார்லஸை மணந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் அதை அரண்மனைப் பழக்கமாக்கினார், 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்த பிறகு சாதாரண வீடுகளுக்கும் எட்டியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1864. அந்த வருடம் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டிக்காரர்கள் லண்டனில் ஒரு தேநீர்க்கடை திறந்தார்கள், அது பெருகிப் பல கிளைகளானது. ஆண் துணையில்லாமல் ஒரு பெண் வெளியே உட்கார்ந்து நிம்மதியாக ஏதாவது சாப்பிட முடிந்தது அந்த மாதிரிக் கடைகளில்தான். டச்சஸைவிட அந்தக் கடைகள் செய்தது பெரிய காரியம் என்பேன்.

சரி, நடந்துகொள்ளும் முறை. ஆஃப்டர்நூன் டீயின் மூன்றடுக்குத் தட்டைக் கீழிருந்து மேலாகக் காலி செய்யுங்கள்: முதலில் ஓரம் வெட்டிய சாண்ட்விச், அப்புறம் ஸ்கோன் என்கிற சின்ன பன் மாதிரிப் பலகாரம், கடைசியில் கேக். எல்லாமே கையால் சாப்பிடலாம், நமக்குக் கஷ்டமே இல்லை. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் இரண்டாகப் பிட்டு, ஜாமும் கெட்டிக் க்ரீமும் தடவுங்கள். டெவனில் க்ரீம் முதலில், கார்ன்வாலில் ஜாம் முதலில், இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நீங்கள் அழைத்தவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். கலக்கும்போது கரண்டி கோப்பையில் இடித்துச் சத்தம் வரக்கூடாது, கலக்கியதும் அதைச் சாஸரில் வைத்துவிட வேண்டும். சுண்டு விரலை நீட்டுவது நாகரிகம் என்று சினிமா பார்த்து நம்பாதீர்கள், மடக்கியே வையுங்கள். பாலைத் தேநீர் ஊற்றிய பிறகு சேர்ப்பது நல்லது, நிறம் பார்த்து அளவு தெரியும்.

பரிமாறுபவர் எந்தத் தேயிலை என்று கேட்பார். அந்த இடத்தில் நான் எப்போதும் சிலோன், அதாவது இலங்கைத் தேயிலை என்பேன். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், பின்னால் இலைநோய் அங்கிருந்த காபியை அழித்ததும் மலையெல்லாம் தேயிலையானது, தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஜனங்கள்தான் கூடை சுமந்து கொழுந்து பறித்தார்கள். என் அப்பாயியும் அப்படிப் பறித்தவர். நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போய்விட, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அவர் குடித்தது மட்டமான தூளில் போட்ட சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார். லண்டனில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் அந்த மலைத் தேயிலை வந்து இறங்கும்போது எனக்கு அவர் கைதான் ஞாபகம் வரும். நீங்களும் சிலோன் கேளுங்கள், முதல் கோப்பையைப் பால் இல்லாமல் குடியுங்கள், இரண்டாவதற்கு வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளலாம்.