முதலில் ஏழாவது கம்பியை அடித்துப் பாருங்கள்

ஏழு கம்பி கிட்டார் பற்றி வந்த கேள்விகளில் பலவும் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. பதில்களில் பிராண்ட் பெயர்கள் குறைவாகவே இருக்கும், மன்னிக்கவும். விலை குறைந்த மாடல்களில் முதல் ஆறு கம்பிகள் எல்லாக் கிட்டாரிலும் ஓரளவு நன்றாகவே ஒலிக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது அந்தத் தடித்த ஏழாவது கம்பியில்தான். நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பதும் அதற்காகத்தானே?

என்னிடம் உள்ள ஆறு கம்பி கிட்டாரையே கீழே இறக்கி ட்யூன் செய்தால் போதாதா?

பல பேருக்குப் போதும். கார்கஸ் போன்ற டெத் மெட்டல் குழுக்கள் ஆறு கம்பியையே பி ஸ்வரம் வரை இறக்கி வாசித்தவர்கள்தான். தடித்த கம்பி செட் போட்டு, நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பள்ளங்களை அதற்கேற்ப அராவி, கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரிசெய்யும் ஒரு செட்டப் செய்துகொண்டால் வேலை முடிந்தது.

இழப்பது மேல் பக்கத்தை. ஏழு கம்பியின் வழக்கமான ட்யூனிங் பி, இ, ஏ, டி, ஜி, பி, இ. அதாவது உங்களுக்குப் பழகிய ஆறு கம்பிகளும் அப்படியே இருக்க, கீழே ஒன்று கூடுதலாக வருகிறது. ஒரே பாட்டில் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) அடியில் அடித்துவிட்டு, சோலோவுக்குப் பழகிய இடத்துக்கே போக வேண்டும் என்றால் ஏழு கம்பி வாங்குங்கள். வாசிப்பதெல்லாம் டிராப் சி (அடிக்கம்பியை மற்றவற்றைவிடக் கூடுதலாக இறக்கி சி-யில் நிறுத்தும் ட்யூனிங்) ரிஃப்தான் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஸ்கேல் 25.5 அங்குலம், 26.5 அங்குலம், 27 அங்குலம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு அங்குலத்தில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நட்டிலிருந்து, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். கம்பியின் சுருதியைத் தீர்மானிப்பவை அந்த நீளமும், கம்பியின் எடையும், இழுவிசையும். ஆறு கம்பி கிட்டாரின் அடிக்கம்பி இ, 82.4 ஹெர்ட்ஸ். ஏழாவது கம்பியின் பி, 61.7 ஹெர்ட்ஸ். நீளத்தை மாற்றாமல் அவ்வளவு கீழே போக இரண்டு வழிகள் உண்டு. கம்பியைத் தொய்வாக விட்டால், ஓங்கி அடிக்கும் கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகு இறங்கும். வேகமான பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி அடிப்பது) எல்லாமே லேசாகச் சுருதி விலகிக் கேட்கும். கம்பியை மிகவும் தடியாக்கினால், அது விறைத்துப்போய் ஒலி மழுங்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) மேலே சுருதியும் ஒழுங்காகச் சேராது. நீளத்தைக் கூட்டினால் இரண்டு தொல்லையும் குறையும்.

இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், சின்ன மாற்றமும் நன்றாகவே தெரியும். அதே கம்பி, அதே சுருதி என்று வைத்துக்கொண்டால் 25.5-லிருந்து 26.5-க்குப் போகும்போது இழுவிசை சுமார் 8 சதவீதம் கூடுகிறது. 27 என்றால் 12 சதவீதம்.

பி-யிலேயே நிற்பவருக்கு 25.5 தாராளமாகப் போதும். 1990-இல் ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனீஸ் கொண்டுவந்த யூனிவர்ஸ், அதாவது இன்றைய ஏழு கம்பி ராக் கிட்டார்களின் முன்னோடி, அந்த அளவுதான். ஏ அல்லது அதற்கும் கீழே போகிறவர் 26.5-க்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஐபனீஸின் ஆரம்ப விலை மாடல்களில் பல 25.5, ஷெக்டரின் ஏழு கம்பிகள் பெரும்பாலும் 26.5. பிராண்டைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பாருங்கள். நீண்ட ஸ்கேலுக்கு ஒரு விலையும் உண்டு: விரல் கொஞ்சம் அதிகம் விரிய வேண்டும், மெல்லிய கம்பிகளை பெண்ட் செய்வது (தள்ளி வளைத்துச் சுருதி ஏற்றுவது) கடினமாகும். மேல் கம்பிகளை ஒரு அளவு மெல்லியதாகப் போட்டால் சரியாகிவிடும்.

சாய்ந்த ஃப்ரெட்கள் கொண்ட மல்ட்டி ஸ்கேல் இந்த இரண்டுக்கும் சமரசம்: மேல் கம்பி குட்டை, அடிக்கம்பி நீளம். யோசனை நல்லது. ஆனால் பிரிட்ஜோ, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்போ மாற்ற நினைத்தால் பொருத்தமான பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

டிராப் ஏ ட்யூனிங்கில் (ஏழாவது கம்பியை மட்டும் பி-யிலிருந்து ஏ-க்கு இறக்குவது) அந்தக் கம்பி ரப்பர் மாதிரி ஆடுகிறது. கிட்டாரில் குறையா?

குறை கம்பியில். ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெட்டியோடு வரும் செட்டில் ஏழாவது கம்பி பெரும்பாலும் 54 அல்லது 56 அளவில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) இருக்கும். அது பி-க்கே கொஞ்சம் தொய்வு. 62 அல்லது 64 போடுங்கள். மற்ற ஆறையும் மாற்றத் தேவையில்லை, ஒற்றைக் கம்பியாக வாங்கலாம்.

போட்டபின் மூன்று இடங்களைப் பாருங்கள். நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்வக் கூடாது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டால் கவ்வுகிறது என்று அர்த்தம். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளி இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரிசெய்ய இடம் மிச்சம் இருக்க வேண்டும். ட்யூனர் ஓட்டையில் கம்பி நுழைய வேண்டும். தடித்த கம்பியை வெட்டும் முன் வளைத்துக்கொள்ளுங்கள். நேராக இருக்கும்போதே வெட்டினால் மேல்சுற்று அவிழ்ந்து கம்பி செத்துவிடும்.

என் கை சின்னது. ஏழு கம்பி நெக்கைப் பிடிக்க முடியுமா?

ஆறு கம்பி எலக்ட்ரிக்கில் நட் அகலம் 42–43 மி.மீ., ஏழு கம்பியில் சுமார் 48. கிளாசிக்கல் கிட்டாரின் நட் 52 மி.மீ.; அதைப் பள்ளிப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். கட்டைவிரலை நெக்கின் மேலே தொங்கவிடாமல் பின்பக்க நடுவில் வைத்துப் பழகுங்கள். அகலத்தைவிட நெக்கின் தடிமன்தான் கையைச் சோர்வாக்கும், அதனால் முடிந்தால் வாங்கும் முன் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். உண்மையான சிக்கல் வேறு: வாசிக்காத ஏழாவது கம்பி தானாக முனகிக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தை அதன்மேல் சாய்த்து அடக்கும் பழக்கம் வர சில வாரங்கள் ஆகும்.

குறைந்த விலையிலேயே லாக்கிங் டிரெமலோவோடு (கம்பிகளைப் பூட்டி, கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். மலிவு டிரெமலோவில் கத்திமுனைபோல இருக்க வேண்டிய இடங்கள் மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டுச் சீக்கிரம் தேய்கின்றன, அப்புறம் சுருதி நிற்காது. பி-யிலிருந்து டிராப் ஏ-க்கு மாறினால்கூட மற்ற ஆறு கம்பிகளும் நகரும். கம்பி உடலைத் துளைத்துப் பின்பக்கம் போகும் நிலையான பிரிட்ஜ் இருந்தால் அதே விலையில் பல மடங்கு நிம்மதி.

உடல் மஹாகனியா, பாஸ்வுட்டா?

கனம் தோளுக்குச் சரிப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏழாவது கம்பியில் ரிஃப் அடித்தால் ஒரே சேறு. பிக்கப்பை மாற்றினால் தீருமா?

பிக்கப் கடைசியில். முதலில் ஆம்ப்ளிஃபையரின் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு)ப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ரெக்கார்டில் கேட்கும் அந்த மலை போன்ற ஒலி பெரும்பாலும் இரண்டு, நான்கு கிட்டார் டிராக்குகளும் பேஸும் சேர்ந்தது. ஒற்றைக் கிட்டாரில் கெயினைக் கூட்டி அதைப் பிடிக்க முடியாது.

அடுத்தது, டிஸ்டார்ஷனுக்குள் (அந்தக் கரகரப்பு) போகும் அடி ஒலியைக் குறைப்பது. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸ் அதிகமாக இருந்தால்தான் சேறு. பின்னால் தேவையான அளவு கூட்டிக்கொள்ளலாம். மெட்டல்காரர்கள் ஆம்புக்கு முன் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடல் வைப்பது இதற்காகத்தான். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் நடுவில். அந்த சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைவாகவே பெருக்கும், அதனால் பாம் மியூட் இறுக்கமாக வரும். அதன் மலிவு நகல் எதுவானாலும் சரி.

வீட்டில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பி-யின் 61.7 ஹெர்ட்ஸே போய்விடுமே என்று பதற வேண்டாம். அதன் மேல்சுரங்கள் 123, 185 என்று ஒலித்துக்கொண்டிருந்தால் காது அதை பி என்றே எடுத்துக்கொள்ளும். அடித்தளத்தை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கர் கொண்ட பயிற்சி ஆம்பால் அந்த ஒலியைத் தரவே முடியாது, எனவே கிட்டாரைக் குறை சொல்லும் முன் ஹெட்போனில் கேளுங்கள்.

இதெல்லாம் செய்தும் திருப்தி இல்லையென்றால் பிக்கப் மாற்றலாம். அதற்கு முன் உடலில் உள்ள குழியை அளந்துகொள்ளுங்கள். ஏழு கம்பி பிக்கப்கள் இரண்டு உருவங்களில் வருகின்றன: சாதாரண ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உருவம், இஎம்ஜி 707 போல நீண்ட மூடிய உருவம். விலை குறைந்த கிட்டார்களில் இரண்டாவது வகை மூடிக்குள் பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் இருப்பதும் சகஜம், ஆகவே தோற்றத்தை நம்பி "ஆக்டிவ்" என்று முடிவுகட்ட வேண்டாம். ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் இருக்கும்.

எங்கள் பேண்டின் பேஸிஸ்டிடம் நான்கு கம்பி பேஸ்தான் இருக்கிறது. நான் ஏழு கம்பிக்கு மாறினால்?

உங்கள் பி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே 30.9 ஹெர்ட்ஸ், அவருடைய அடிக்கம்பி இ, 41.2 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். ஏ கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் உங்கள் பி-யையே அவரும் வாசிக்கலாம். மோசமாக இருக்காது, ஆனால் ஒலி மெலிந்துதான் இருக்கும். ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, அதன் தடித்த நான்கைப் போட்டு பி, இ, ஏ, டி என்று ட்யூன் செய்வது செலவு குறைந்த வழி. நட்டை அராவத்தான் வேண்டும். மாறும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு யோசிப்பதற்கு எட்டு கம்பியே வாங்கிவிட்டால்?

எட்டாவது கம்பி எஃப் ஷார்ப், 46 ஹெர்ட்ஸ் சொச்சம். மேலே சொன்ன தொய்வு, சேறு, முனகல் எல்லாம் இன்னும் ஒரு படி கூடும். மலிவு விலையில் அதைச் சமாளிக்கும் கிட்டார் அபூர்வம்.

பழைய கிட்டார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆம்பில் சொருகாமல் ஏழாவது கம்பியை ஓங்கி அடியுங்கள். தெளிவாக நீண்டு ஒலித்தால் பாதி வேலை முடிந்தது. ட்யூனரோடு போங்கள்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அதே பி ஒரு ஆக்டேவ் மேலே வர வேண்டும். விலகினால் சாடிலைத் திருகிப் பாருங்கள். நகர இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முறுக்கிய நெக்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஜாக் கரகரத்தால் கவலை வேண்டாம், சில்லறைச் செலவுதான். ஆனால் பேரம் பேசும்போது முகத்தைச் சுளித்து வையுங்கள்.