தங்களுக்குத் தாங்களே ஒரு பரிசு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழக உலகில் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) மக்களின் வாழ்க்கையையும் ஆய்வையும் பற்றிய நூல்களுக்கென்றே தனி விருதுகள் இருப்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. நல்ல புத்தகம் என்றால் பொது விருதிலேயே ஜெயிக்கட்டுமே? பேராசிரியர்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்ளும் சால்வைதானே இதுவும்? அப்புறம், இந்த வகையில் எதை முதலில் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

சால்வை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். எந்த ஊர்க் கல்வித்துறை விருதிலும் அது கொஞ்சம் உண்டு. நடுவர் யார், பரிசு வாங்கியவர் யாருடைய மாணவர் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆனால் "பொது விருதில் ஜெயிக்கட்டுமே" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஜெயிப்பதற்குப் புத்தகம் முதலில் அச்சாகியிருக்க வேண்டும் இல்லையா?

1967இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆக்டாவியோ ரொமானோ என்ற மானுடவியலாளரும் சிலரும் சேர்ந்து கின்தோ சோல் என்று ஒரு சின்னப் பதிப்பகம் ஆரம்பித்தார்கள். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் எழுதுவதைப் பெரிய பதிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலம். சரி, நாமே பரிசு கொடுத்து நாமே அச்சிடுவோம் என்று ஆயிரம் டாலர் பரிசு ஒன்றை அறிவித்தார்கள். நீங்கள் சொல்லும் 'தங்களுக்குள்ளேயே' என்பது அப்பட்டமாக இதுதான், அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. 1970இல் முதல் பரிசு தோமாஸ் ரிவேராவுக்கு. அடுத்ததாக வாங்கியவர் ருடோல்ஃபோ அனாயா, பதிப்பகம் பதிப்பகமாகத் திருப்பியனுப்பப்பட்ட நாவலோடு வந்தவர். இன்று அந்த இரண்டு புத்தகங்களும் இல்லாமல் சிகானோ இலக்கியம் (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களுக்குத்தான் சிகானோ என்று பெயர்) என்று ஒரு பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நடத்த முடியாது.

ரிவேராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1935இல் டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் அறுவடைக்கு அறுவடை ஊர் மாறிப்போகும் விவசாயக் கூலிகள், இவரும் கூடவே போய் வயலில் வேலை செய்தவர்தான். ஸ்பானிஷில் எழுதிய அந்த ஒரு நாவல் ('பூமி அவனை விழுங்கவில்லை' என்று தலைப்பைச் சொல்லலாம்) ஆங்கில மொழிபெயர்ப்போடு 1971இல் வந்தது. 1979இல் அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்குத் தலைவரானார். அந்தப் பல்கலைக்கழக அமைப்பில் அப்பதவிக்கு வந்த முதல் மெக்சிகன் அமெரிக்கர் அவர். 1984இல் இறந்தபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வளாக நூலகத்துக்கு அவர் பெயர். அவர் படித்த டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1995 முதல் மெக்சிகன் அமெரிக்க வாழ்க்கையைச் சொல்லும் சிறார் நூல்களுக்கு அவர் பெயரிலேயே விருது தருகிறது. அந்த மாதிரி விருதைத்தான் நான் பாராட்டினேன். எழுத்தாளருக்குக் கிடைக்கும் பணம் எனக்குப் பெரிய விஷயமில்லை. பட்டியலைப் பார்த்து ஒரு நூலகர் நாலு பிரதி வாங்குவார், ஓர் ஆசிரியர் பாடத்தில் சேர்ப்பார், அது நடந்தால் போதும்.

பாடத்தில் சேர்வது என்ன பெரிய காரியம் என்று தோன்றினால் அரிசோனாவைப் பாருங்கள். டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகன் அமெரிக்கப் படிப்பு என்று ஒரு திட்டம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. 2010இல் மாநிலம் அதற்கு எதிராகவே ஒரு சட்டம் போட்டது. 2012 ஜனவரியில் திட்டத்தை நிறுத்தி, சில புத்தகங்களை வகுப்பறைகளிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று, பேராசிரியர் ரொடோல்ஃபோ அகுன்யா 1972இல் முதலில் வெளியிட்டு, கல்லூரிகளில் வருஷக்கணக்காகப் பாடமாக இருந்த சிகானோ வரலாறு. உடனே ஹூஸ்டனிலிருந்து டோனி டியாஸ் என்ற எழுத்தாளர் 'புத்தகக் கடத்தல்காரர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தோடு, அதே புத்தகங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டூசானுக்குப் போனார். (இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) வழக்கு இழுத்தடித்து, 2017இல்தான் அந்தச் சட்டத்தின் பின்னால் இன வெறுப்பு இருந்தது என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். தடைசெய்யும் அளவுக்கு ஒருவருக்குப் பயம் வந்திருக்கிறது என்றால் அந்தப் புத்தகம் வகுப்பில் ஏதோ செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

எதைப் படிக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ரிவேராவில் தொடங்குங்கள், சின்னப் புத்தகம்தான். கடைசிப் பக்கங்களை ஒட்டி ஒரு கதை வரும்: கூலிகளை நின்றபடி அடைத்துக்கொண்டு போகிற லாரி விடியற்காலையில் நடுவழியில் நின்றுவிடும், ரிப்பேர் ஆகும்வரை இருட்டுக்குள் ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று மனசுக்குள் பேசிக்கொள்வார்கள். யார் பேசுகிறார் என்று பெயர் கிடையாது. ஒருவருக்கு நல்ல படுக்கை வேண்டும், ஒருவர் லாரிக்காரனைத் திட்டுகிறார், ஒருவர் சும்மா நட்சத்திரத்தைப் பார்க்கிறார்.

ஆய்வுநூல் வேண்டுமென்றால் அமெரிகோ பாரெடெஸ் 1958இல் எழுதிய 'கையில் துப்பாக்கியுடன்'. 1901இல் டெக்சாஸில் ஒரு ஷெரீஃபைச் சுட்டுவிட்டு எல்லையை நோக்கி ஓடிய கிரெகோரியோ கோர்தேஸைப் பற்றி மக்கள் பாடிய கதைப்பாடலை எடுத்துக்கொண்டு, டெக்சாஸ் ரேஞ்சர் காவல்படையின் வீரப்பிரதாபங்களைத் தோலுரித்துப் போட்ட முனைவர்பட்ட ஆய்வு அது. முதல் பாதி கதை மாதிரி ஓடும். இரண்டாம் பாதி பாட்டின் பாடபேதம், யாப்பு என்று மெதுவாக நகரும், அதைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை. படித்துவிட்டு எழுதுங்கள், சால்வைச் சண்டையை அப்போது தொடரலாம்.

அன்புடன்